எட்டாவது துணி

கொடியில் ஏழு துணிகள் தொங்கின. எண்ணிப் பார்த்து அறிந்ததன்று. பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையின் முட்டை அனுப்பும் பிரிவில் முப்பத்தோராண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். முப்பது குழிகள் கொண்ட அட்டையில் ஒரு குழி காலியாயிருந்தால் அது எனக்குக் குழியாகத் தெரியாது, கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தும். அப்படித்தான் உறுத்திற்று. நேற்றுக் காலையில் என் பழைய வேட்டியொன்றைச் சாண் அகலத்தில் எட்டுத் துண்டுகளாகக் கிழித்தேன். என் மகள் பூங்கோதையின் டீசல் காரில் காற்று உள்ளே போகும் வழிகள் எட்டு. நான்கு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு வழிகள். அவ்வழிகளில் அப்பியிருந்த கார்பனைச் சுரண்டும்போது கட்டியோ தூளோ உள்ளே விழுந்து வால்வில் சிக்கிவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வழிக்குள்ளும் ஒரு துணியை ஆழத் திணித்தேன். எட்டு வழிகள், எட்டுத் துணிகள். சுரண்டி, துடைத்து, துணிகளை ஒவ்வொன்றாக உருவி டீசல் ஊற்றிய வாளியில் போட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பூங்கோதையும் அவள் தாயும் அதே காரில் கொல்லிமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, வாளியில் ஊறியவற்றைச் சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, பிழிந்து, உதறி, வெயிலில் போட்டேன். ஏழு. வாளியைக் கவிழ்த்தேன். கரிய நீர் சிமெண்டுத் தரையில் ஓடி, சாக்கடை வாயின் சல்லடையில் நுரைத்து நின்றது. சல்லடையைத் தூக்கிப் பார்த்தேன். கொடிக்குக் கீழே பார்த்தேன். இரண்டு துணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் விரித்து, விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஏழு துணிகளும் ஏழாகவே இருந்தன. மணி ஒன்பது பத்து. அவர்கள் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தவன் சட்டைப்பையிலிருந்த அலைபேசியைத் தொடவில்லை, எட்டாவது முறையாக வாளிக்குள் பார்த்தேன்.

காக்கை தூக்கிப் போயிருக்கும். டீசலில் ஊறிய துணியைக் காக்கை தூக்குமா? கூடு கட்டும் காலத்தில் கம்பியையே தூக்குகிறது. ஆனால் வாளியின்மேல் நேற்றிரவு பலகை வைத்து மூடினேன், அதை நானே இன்று காலையில் எடுத்தேன். அப்படியானால் நான் கிழித்ததே ஏழாக இருக்கலாம். இல்லை, வேட்டியை நடுவில் கிழித்தேன், இரண்டு, இரண்டையும் கிழித்தேன், நான்கு, நான்கையும் கிழித்தேன், எட்டு. இரட்டித்துக்கொண்டே போன கணக்கில் ஏழு வராது. ஏழு வரவேண்டுமானால் ஒன்று காணாமற்போயிருக்க வேண்டும். சரி, காணாமற்போனது உள்ளேதான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இருந்தால் நேற்று மாலை இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது தெரிந்திருக்காதா? அரைமணி நேரம் ஓடவிட்டேன். உதறவில்லை, இருமவில்லை, கரும்புகை கக்கவில்லை. இன்ஜின் மூடியின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தேன். தண்ணீரின் முகத்தில் சிறு நடுக்கம்தான் இருந்தது, சிந்தவில்லை. இந்த எண்ணம் என்னைச் சிறிது நேரம் தாங்கிப் பிடித்தது. பிறகு அதுவே என்னைக் கைவிட்டது. சிலிண்டருக்கு இரண்டு வழிகள் என்று சற்றுமுன் நானேதான் சொல்லிக்கொண்டேன். ஒரு மூக்குத்துளை அடைத்துக்கொண்டவன் மற்றதால் மூச்சு விடுகிறான். நாற்காலியில் சாய்ந்திருக்கும்வரை அடைத்திருப்பது அவனுக்கே தெரிவதில்லை. மலை ஏறினால் தெரியும். மலை ஏறும்போது இன்ஜின் காற்றைக் கேட்காது, பறிக்கும். அப்போது துணி தன் இடத்திலிருந்து நகரும். நகர்ந்து, வால்வுக்கும் அது அமரும் வளையத்துக்கும் இடையே போய் மாட்டிக்கொள்ளும். மூடவேண்டிய வால்வு மூடாது. மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் மோதும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும் ஒன்று, ஒரு நொடியில் நிற்கும். நின்றால் ஸ்டீயரிங் கல்லாகும்; பிரேக் இரண்டு மிதிக்குக் கட்டுப்படும், மூன்றாவது மிதிக்குப் பலகைபோல் இறுகிவிடும். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் எண் எழுதியிருப்பார்கள். எந்த எண்ணில்? நான் மறுபடியும் கொடியைப் பார்த்தேன். காற்றே இல்லை. துணிகள் அசையாமல் தொங்கின.

இத்தனைக்கும் காரணம் புகை. கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பூங்கோதைக்கு மாற்றல் கிடைத்து ஆறு மாதங்களாகின்றன. திங்கட்கிழமை விடிவதற்குள் ஏறி வெள்ளிக்கிழமை மாலை இறங்குவாள். ஒரு மாதமாக வண்டி மலையில் இழுக்கவில்லை, இரண்டாம் கியருக்கு மேல் போகமாட்டேனென்கிறது, பின்னால் வருகிற பஸ்காரர்கள் திட்டுகிற அளவுக்குக் கரும்புகை விடுகிறது என்றாள். ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டியபோது உள்ளே முழுக்கக் கார்பன், குழாயையே மாற்றவேண்டும் என்றார்களாம். நான் சிரித்தேன். மாற்றுவதற்கு அதிலே என்ன இருக்கிறது, சுத்தம் செய்தால் போதும் என்றேன். எந்தப் பட்டறையிலும் நான் ஒரு நாளும் கைவேலை செய்ததில்லை. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த மோட்டார் நூல்களை அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவன். படித்ததைத் தமிழில் பெயர்த்து நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தவன். அவற்றில் ஒன்றில், இந்தக் காலத்து டீசல் இன்ஜின் தான் விட்ட புகையில் ஒரு பங்கைத் தானே மறுபடி உள்ளிழுத்து எரிக்கிறது என்றும், வெளியே போகும் நஞ்சு அதனால் குறைகிறது என்றும், ஆனால் திரும்பி வரும் புகை எண்ணெய் ஆவியோடு சேர்ந்து காற்று வழியின் சுவரில் தாராகப் படிகிறது என்றும் எழுதியிருக்கிறேன். படிப்பதற்கு அது எளிய வாக்கியம். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிபோல்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியத்தின் பொருள் தெரிந்தது. கட்டைவிரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல் நுழையவில்லை. அடுப்புக்கரி அல்ல அது. ஈரமானது, பளபளப்பானது, விரலால் தொட்டால் விரலோடு வருவது, வந்தபின் எதனாலும் போகாதது. எத்தனை ஆயிரம் மைல்கள், எத்தனை ஆயிரம் மூச்சுகள், ஒவ்வொரு மூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். சென்ற ஆண்டு கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை நடுவில் அறுத்துக் காட்டிய படம். உள்சுவரில் மஞ்சளாக ஏதோ அப்பிக்கொண்டு, நடுவில் ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. நேற்றுச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அதை நினைக்கவேண்டாம் என்று நினைத்தேன். இப்போதும் வேண்டாம்.

ஆனால் வருகிறது. கேஸ்கெட் வாங்கியது வருகிறது. மேனிபோல்டைத் திரும்பப் பூட்டும்போது இடையில் வைக்கவேண்டிய புது கேஸ்கெட்டைப் புதன்கிழமையே சேலம் சாலையில் ஒரு கடையில் வாங்கினேன். வியாழக்கிழமை அதே கடைக்குப் போய் அதே கேஸ்கெட்டைக் கேட்டேன். நேத்துத்தானுங்களே வாங்கிட்டுப் போனீங்க என்று கடைக்காரர் சொன்னார். அது வேறு வண்டிக்கு என்று சொன்னேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்; இருமல் வருவதுபோல் வந்தது. இரண்டாவது கேஸ்கெட் இப்போது பரணில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில், என் மனைவி தனபாக்கியத்தின் கைக்கு எட்டாத மூலையில் இருக்கிறது. புதன்கிழமை வாங்கியதை வியாழக்கிழமை மறந்தவன் சனிக்கிழமை எட்டை ஏழாக்கமாட்டானா? முட்டை அட்டையில் ஒரு குழி காலியென்றால் லாரி ஓட்டுநர்கள் என்னிடம் வாதாடுவதில்லை. சென்னியப்பன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சென்னியப்பன் இன்னும் இருக்கிறானா என்பதுதான் இப்போது கேள்வி. அதை அலைபேசியில் எப்படிச் சொல்வது? கண்ணு, வண்டியை ஓரமாக நிறுத்து, உன் அப்பனுக்கு எண்ணத் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குமுன் செம்மேட்டில் வாடகைக்குப் பிடித்திருக்கிற வீட்டில் பால் காய்ச்சவேண்டும் என்றுதான் தாயும் மகளும் அவசரமாகப் புறப்பட்டார்கள். நகராட்சித் தண்ணீர் இன்றைக்குத்தான் வரும், ஒருவர் இருந்து பிடிக்கவேண்டும் என்று நான் தங்கிவிட்டேன். நடுவழியில் நிறுத்தினால் நல்ல நேரம் தவறும். பிறகு பிரித்துப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்றால்? துணியும் இல்லை, கிழவனுக்குப் புத்தியும் இல்லை என்று ஆகும். அது உறுதியாக நடக்கும் ஒன்று. மற்றது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இப்படி இரண்டையும் தராசில் வைத்தேன். வைத்த கை என்னுடையதுதான்.

மணி ஒன்பது முப்பத்திரண்டு ஆனபோது அழைத்தேன். சேந்தமங்கலம் கடந்து காளப்பநாயக்கன்பட்டியை நெருங்கிக்கொண்டிருப்பார்கள்; அதற்கப்பால் காரவள்ளி, மலையடிவாரம்; காரவள்ளிக்கு மேல் நாலைந்து வளைவுகள் ஏறிவிட்டால் அலைபேசி உயிரற்றுப்போகும், பிறகு மலைக்குமேல் போய்த்தான் உயிர் வரும். எடுத்தவள் தனபாக்கியம். அவளிடம் சொல்லக்கூடாது, பயந்துவிடுவாள். பூங்கோதையிடம் கொடு என்றேன். ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி, குரலை இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஜன்னல் காற்றின் இரைச்சலும், அதற்கடியில் இன்ஜினின் சீரான முழக்கமும் கேட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை பேசிவிட்டாள்.

“அப்பா, வண்டி சும்மா பறக்குதுங்கப்பா. கம்பெனிக்காரன் மாத்தோணும்னத நீங்க சுத்தம் பண்ணித் தர்றேன்னப்ப நான்கூட நம்பல. வாங்குன புதுசுல இருந்த மாதிரியே இழுக்குது.”

தனபாக்கியமும் பேசினாள். திருமணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளில், என் நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடப்போவதாக நூறு முறையாவது மிரட்டியிருக்கும் தனபாக்கியம், நீங்க சொன்னபடியே ஆயிருச்சுங்க, என் தம்பி காளியண்ணன்கிட்ட இத நான் சொல்லியே ஆகோணும் என்றாள். ஒரு கணம். ஒரு முழுக் கணம் இருந்தது. அந்தக் கணத்தில் சொற்கள் நாக்கில் இருந்தன. எட்டு என்ற சொல் இருந்தது, ஏழு என்ற சொல் இருந்தது. இரண்டையும் விழுங்கினேன். விழுங்கும்போது தொண்டையில் டீசல் மணம் ஏறியது. என்னப்பா, எதுக்குக் கூப்பிட்டீங்க என்று பூங்கோதை கேட்டாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு,” என்றேன். “பாத்துப் போ.”

வைத்துவிட்டேன். வைத்தபின் அலைபேசியின் முகத்தில் என் கட்டைவிரலின் கரிய ரேகை பதிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன், பரவிற்று. மறுபடி அழைக்கலாம், இன்னும் நேரமிருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். காரவள்ளிவரை இருபது நிமிடம் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. குழாய் முதலில் காற்றைக் கக்கி, பிறகு செம்மண் நிறத்தில் துப்பி, பிறகு ஓடத் தொடங்கியது. ஒரு குடம், இன்னொரு குடம், தொட்டிக்குக் குழாய். தண்ணீர் பிடிப்பதைக் காரணமாக வைத்துக்கொண்டு நான் இருபது நிமிடங்களைச் செலவழித்தேன் என்று சொன்னால் அது உண்மையில்லை. செலவழிப்பதற்காகவே குடங்களை ஒன்றன்பின் ஒன்றாக விளிம்புவரை, சிந்தும்வரை நிரப்பினேன் என்பதே உண்மை. அந்த நேரத்தில்தான், எவ்வளவோ சுற்றிச் சுற்றிப் போயும் நான் தொடாமல் விட்டிருந்த இடத்துக்கு மனம் வந்து சேர்ந்தது. காளியண்ணன். அவனுக்குப் பரமத்தி சாலையில் லாரிப் பட்டறை. பதினாலு டயர் வண்டியின் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவன். நேற்று மாலை நான்கு மணிக்கு, நான் துணிகளை உருவத் தொடங்கியிருந்த வேளையில், வாசலில் வந்து நின்றான். நாலாவது துணி என் கையில் இருந்தது. இல்லை, ஐந்தாவது. நாலாவதோ ஐந்தாவதோ. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

“ஏனுங் மாமா, புஸ்தகத்தப் பாத்துப் பிரிச்சா புஸ்தகந்தானுங்களே ஓடும்? வண்டி எப்படி ஓடும்?”

அவன் சிரித்தான். அவன் சொல்வதில் எப்போதும் அன்பும் இருக்கும், அதுதான் அவனை மன்னிக்கமுடியாமல் செய்வது. அதற்கு நான் பதில் சொன்னேன். நீண்ட பதில். புகை ஏன் திரும்பி வருகிறது, எந்த வெப்பத்தில் தாராகிறது, எந்த நாட்டில் எந்த ஆண்டு இந்த முறை வந்தது என்றெல்லாம் அச்சில் உள்ளபடி சொன்னேன். சொல்லிக்கொண்டே கையை நிறுத்தாமல் உருவினேன், துடைத்தேன், கேஸ்கெட்டை வைத்தேன், மேனிபோல்டைப் பொருத்தினேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதால் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, நூலில் போட்டிருக்கிற வரிசையில், ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணியபடி முடுக்கினேன். நட்டுகளை எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. சரிங் மாமா, தெறமைதான் என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டாத தூசியைத் தட்டிவிட்டுப் போனான். என் நோட்டுப் புத்தகத்தில், என் கையெழுத்தில், சிவப்பு மையால் அடிக்கோடிட்ட ஒரு வரி இருக்கிறது: துணிகளை எண்ணி உள்ளே வைக்கவேண்டும், எண்ணி வெளியே எடுக்கவேண்டும், எண்ணிக்கை ஒத்துப்போகாதவரை மூடலாகாது. மூடும்போது ஒரு முறை விளக்கடித்துப் பார்த்தேன். அது நினைவிருக்கிறது. உள்ளே கருப்பாக இருந்தது. எல்லாம் சுரண்டி எடுத்தபின் அங்கே ஏன் கருப்பாக இருக்கவேண்டும் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாளெல்லாம் உள்ளே கிடந்த துணி கார்பனின் நிறத்தையே அடைந்துவிடுகிறது. சுவர் எது, துணி எது என்று பிரித்தறிய முடியாது. விரலைவிட்டுப் பார்த்திருக்கவேண்டும். விரலைவிட்டிருந்தால் காளியண்ணன், என்னங் மாமா, என்ன தேடறீங்க என்று கேட்டிருப்பான்.

மணி பத்தைத் தாண்டியது. அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், இரண்டு முறையும் ஒரே அமைதியோடு சொல்லிற்று. மறுபடி அழைத்தேன். அதே பெண். என் மகளுக்கும் எனக்கும் நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டு, நிதானமாக, கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். காளியண்ணனிடம் போகலாம், அவனிடம் ஜீப் இருக்கிறது, இப்போது புறப்பட்டாலும் மலையை அடைய ஒரு மணி நேரம், அதற்குள் அவர்கள் மேலே இருப்பார்கள், அல்லது. வாக்கியத்தை அங்கேயே விட்டேன். கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். உட்காரமுடியவில்லை, எழுந்தேன். மூன்றாவது வளைவில் மூங்கில் புதர் இருக்கும், அதுவரை ஏற்றம் அதிகமில்லை. எட்டாவது வளைவுக்கு மேல் பாதை குறுகும். பூங்கோதை வளைவில் ஒலிப்பானை அழுத்திவிட்டு இரண்டாம் கியருக்கு இறங்குவாள், இன்ஜின் உறுமும், காற்று பறிபடும். நகர்கிறதா? துணியின் ஒரு நுனி மட்டும் நகர்கிறது. நூல் ஒன்று பிரிந்து காற்றில் நிமிர்கிறது. என் வேட்டியின் நூல். தறியில் ஓடிய நூல் ஒன்று இப்போது பிஸ்டனுக்கு மேலே நின்று ஆடுகிறது. பதினான்காவது வளைவு. எதிரே பலாப்பழ வண்டி ஒன்று இறங்கிவரும், அவள் நிறுத்தி வழிவிட்டு மறுபடி எடுப்பாள். நிறுத்தி எடுக்கும்போதுதான் அதிகம் பறிக்கும். தனபாக்கியம் மடியில் பால் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருப்பாள். அவளுக்குப் பள்ளம் பார்த்தால் தலை சுற்றும், எனவே டாஷ்போர்டில் உள்ள பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு வருவாள். இருபத்திரண்டு. முப்பது. என் அட்டை முடிந்தது. முப்பதுக்கு மேல் புது அட்டை. எனக்கு மூச்சு வாங்கிற்று. நான் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், ஏறவில்லை, ஆனாலும் மூச்சு வாங்கிற்று. சமையலறையில் எதையோ எடுக்கப் போனேன், எதை என்று தெரியவில்லை, திரும்பி வந்தேன். சுவரில் கடிகாரம் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஒலியை இத்தனை நாள் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். முப்பத்தெட்டு. தெருவில் ஒரு வண்டி திடீரென்று நின்ற சத்தத்துக்கு என் கால்கள் தாமாகவே வாசலுக்கு ஓடின. எதிர்வீட்டுக்குக் காஸ் சிலிண்டர் வந்திருந்தது. அந்த ஆள் என்னைப் பார்த்து, என்னங்கய்யா, உடம்பு சரியில்லைங்களா என்று கேட்டான். இல்லப்பா, வெயில் என்றேன். இன்றைக்கு நான் சொன்ன எத்தனையாவது பொய் அது என்று எண்ண முற்பட்டேன், எண்ண முடியவில்லை.

அலைபேசி ஒலித்தபோது மணி பதினொன்று பன்னிரண்டு. பூங்கோதை. அவள் குரல் வருவதற்குமுன் இன்ஜினின் ஒலி வந்தது. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று என் காது அறிந்த மறுகணம் நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வந்துவிட்டோம் என்றாள். வீட்டுக்காரர் சாவியோடு காத்திருந்தார், அம்மா பாத்திரத்தோடு இறங்கிவிட்டாள், பன்னிரண்டுக்குள் காய்ச்சிவிடலாம், மேலே குளிர் நன்றாக இருக்கிறது என்றாள். சரி கண்ணு, சரி கண்ணு என்றேன். சொல்லச் சொல்ல உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து, இளகி, இறங்கிற்று. காணாமற்போனது காணாமற்போனதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஏழுதான் கிழித்தேன். காக்கை தூக்கிப் போயிற்று. எதுவானாலும் சரி.

“ஒண்ணே ஒண்ணுதாங்கப்பா,” என்றாள். “நாப்பத்தி மூணாவது வளைவுக்கு மேல சின்னதா ஒரு சத்தம் வருது. டக்கு டக்குன்னு. நல்லாத்தான் இழுக்குது, இருந்தாலும் சத்தம் வருது. சாயங்காலம் மெதுவா எறங்கி வந்தர்றோம், வந்ததும் நீங்களே பாத்துருங்க.”

அலைபேசியைக் காதில் அழுத்திக் கேட்டேன். கேட்டது. சீரான முழக்கத்துக்கு நடுவில், நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல், ஒன்று. விட்டு, ஒன்று. இறங்கும்போது இன்ஜினுக்கு அவ்வளவு காற்று வேண்டாம். தாங்கினாலும் தாங்கும். வந்து சேர்ந்தால் நாளைக் காலையில் யாரும் இல்லாத நேரத்தில் நானே பிரிப்பேன், நானே எடுப்பேன், எடுத்ததை எரிப்பேன். ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை. இன்ஜெக்டர் சத்தம் கண்ணு, புதுசாகச் சுத்தம் செய்தால் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும்: இந்த வாக்கியம் முழுமையாக, எழுவாய் பயனிலையோடு, அச்சுக்குப் போகத் தயாராக என் வாயில் வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

“சாவியத் திருப்பி அணைச்சுரு,” என்றேன். “மறுபடி எடுக்காத. சாயங்காலம் ரெண்டு பேரும் பஸ்ஸுல வாங்க.”

ஒலி நின்றது. அது நின்றபின் மலையின் அமைதி, பெரிதாக, அலைபேசி வழியே என் கூடத்துக்குள் வந்தது. ஏனுங்கப்பா என்றாள்.

“எட்டுத் துணி வெச்சுச் சொரண்டுனேன். ஏழுதான் எடுத்துருக்கறன். ஒண்ணு உள்ளயே கெடக்குது.”

தூரத்தில் தனபாக்கியத்தின் குரல், என்னவாம் உங்கப்பாவுக்கு என்று கேட்டது. ஒண்ணுமில்லம்மா, நீ உள்ள போய் அடுப்பப் பத்த வையி என்று பூங்கோதை சொன்னாள். சரளைக் கற்களின்மேல் செருப்பு நடக்கும் ஓசை; வீட்டைவிட்டுத் தள்ளிப் போகிறாள். நின்றாள்.

“எப்பத் தெரிஞ்சுது?”

இப்பத்தான், துணி துவைக்கும்போது. மூன்றே சொற்கள். துவைக்கும்போதுதான் என்பதில் பொய்கூட இல்லை. அவளும் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்டாள், அப்படி ஒரு பதில் வரவேண்டும் என்ற வேண்டுதல் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. கடிகாரம் தட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க காளப்பநாயக்கன்பட்டி தாண்டறதுக்கு முன்னாலயே,” என்றேன்.

காற்று ஒலிவாங்கியில் மோதி இரைந்தது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது. ஏறி வந்தவள் அவள். எழுபது வளைவுகளை அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிற்று. அடிவாரம்வரை வந்துவிட்டுப் பேசினாள்.

“அப்பத்தான கூப்புட்டீங்க.”

“ஆமா.”

“பாத்துப் போன்னு சொன்னீங்க.”

ஆமா கண்ணு என்று சொன்னேனா, நினைத்தேனா என்று தெரியவில்லை. பால் பொங்கியிருக்கவேண்டும், தனபாக்கியம் உள்ளேயிருந்து உரக்க, சந்தோஷமாக, பொங்கிருச்சு வா, பொங்கிருச்சு வா என்று கூப்பிட்டாள். பூங்கோதை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் கொடுத்தாள். எப்போதும்போன்ற குரல்.

“வர்றேம்மா. அப்பாகிட்டப் பேசிட்டிருக்கறேன்.”

ஆனால் அவள் பேசவில்லை. நான் அலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தேன்.